எண்ணெயில் ஒரு துளி ஈரம்

நெல் அறுக்கும்போது தாளோ கதிரோ கண்ணில் கீறிவிட்டால் சும்மா இருந்துவிடக் கூடாது என்பது தாமிரபரணிப் பாசனத்தில் வயலில் இறங்கும் எல்லாருக்கும் தெரியும். திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனையில் ஜெயஹர் பாரதி, ராமகிருஷ்ணன் உள்ளிட்டோர் 1999 முதல் 2002 வரை, மூன்று ஆண்டுகள் கருவிழிப் புண்களை ஆராய்ந்தார்கள். வந்தவற்றில் மூன்றில் ஒன்றுக்கு மேல் பூஞ்சையால் ஏற்பட்டவை. ஃபுசேரியம் முதலிடம், ஆஸ்பர்ஜில்லஸ் அடுத்த இடம். இரண்டுமே மண்ணிலும் மட்கும் தாளிலும் வாழ்பவை. அவற்றின் வித்துகள் காற்றோடு வந்து நம் வீட்டு அலமாரியிலும் சமையல் மேடையிலும் படிகின்றன. நாம் அவற்றை மூச்சில் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். தோலும் சளிச்சவ்வும் காவல் நிற்பதால் ஒன்றும் ஆவதில்லை.

ஊசி அந்தக் காவலைத் தாண்டி உள்ளே போகிறது. வீட்டில் தயாரித்த ஸ்டீராய்டு ஊசியைப் பற்றிப் பேச வேண்டிய இடமும் இதுதான்.

ஆணழகன் மேடைக்கு உடம்பை ஏற்றுகிறவர்கள் போட்டுக்கொள்ளும் ஊசிகளில் பல, டெஸ்டோஸ்டிரோன் வகை மருந்தை எண்ணெயில் கரைத்தவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. அதனால் கள்ளச் சந்தை உண்டு. அந்தச் சந்தைக்கென்று கள்ளத் தயாரிப்பும் உண்டு. தூளை வாங்கி, எண்ணெயில் கரைத்து, குப்பியில் அடைத்து, பளபளப்பான லேபிளை ஒட்டிவிடுகிறார்கள். 2007 செப்டம்பரில் அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்புத் துறை ஒரே நடவடிக்கையில் இப்படிப்பட்ட 56 கூடங்களைப் பிடித்து 124 பேரைக் கைது செய்தது. குளியல் தொட்டியிலும் கைகழுவும் தொட்டியிலும் கலக்கியிருந்தார்கள் என்று அந்தத் துறையே சொன்னது. வாங்கியவர்கள் பார்த்தது லேபிளை மட்டும்.

இந்த ஊசிகளைப் பற்றி எச்சரிக்கிறவர்கள் இதயம், கல்லீரல், ஆண்மை என்று வரிசையாகச் சொல்வார்கள். எல்லாம் உண்மை. ஆனால் இருபது வயதுப் பையனுக்கு அதெல்லாம் நாற்பது வயதில் வரப்போகிற சங்கதி, காதில் ஏறாது. குப்பிக்குள் இருக்கும் கிருமி அவ்வளவு நாள் காத்திருக்காது. அடுத்த வாரமே இடுப்புக்குக் கீழே கட்டியாக எழும்பும். மருந்து அசலா போலியா என்று ஆராய்கிற ஆளும், அசலே ஆனாலும் அது கிருமியில்லாமல் அடைக்கப்பட்டதா என்று கேட்பதில்லை. 'நல்லா பில்டர் பண்ணுன சரக்குலே, ஒண்ணும் செய்யாது' என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் போதும்.

எண்ணெயில் கிருமி வளராது என்ற நம்பிக்கை பாதி சரி. கிருமி பெருக நீர் வேண்டும். சுத்தமான எண்ணெயில் அது இல்லை. ஆனால் பெருகாமல் இருப்பதும் சாவதும் ஒன்றல்ல. பாக்டீரிய வித்து எண்ணெய்க்குள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதற்கு ஒரு துளி ஈரம் கிடைத்தால் போதும். ஊறுகாய் ஜாடியில் ஈரக்கரண்டி போடாதே என்று ஆச்சி அதட்டுவதற்கும் காரணம் இதுதான். அரைகுறையாகக் காய்ந்த குப்பியும், குளிர்ந்த குப்பி திறந்ததும் உள்ளே புகும் ஈரக்காற்றும் அந்த ஈரக்கரண்டி வேலையைச் செய்கின்றன. ஈரம் மருந்தையும் விடாது. டெஸ்டோஸ்டிரோனோடு பிணைந்துள்ள எஸ்டரை மெல்ல மெல்ல உடைக்கும்.

நம் பக்கத்தில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. திருநெல்வேலி வெயிலூர்தான். ஆனால் ஆனி, ஆடியில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி ஓடியது. தண்ணீர் புகுந்த வீட்டில் ஓதம் ஏறிய சுவர் எத்தனை நாள் பூசணம் பூத்துக் கிடக்கும் என்று அந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, குக்கரில் வைத்துக் கொதிக்கவிட்டால்? இங்கேயும் ஈரம்தான் ஏமாற்றுகிறது, ஆனால் தலைகீழாக. மருத்துவமனை ஆட்டோகிளேவ் 121 டிகிரியில் பதினைந்து நிமிடத்தில் வித்துகளைக் கொல்வது வெறும் சூட்டால் அல்ல. நீராவி அவற்றை நனைத்துப் புரதத்தைச் சிதைப்பதால். மூடிய குப்பியில் எண்ணெய்க்குள் நீராவி போகாது. சூடு அதேதான், ஆனால் உலர்சூடு. அந்த அளவில் அது வித்துகளுக்குப் போதாது. ஈரம் வேண்டும்போது குப்பிக்குள் இல்லை, வேண்டாதபோது வந்து உட்கார்ந்துகொள்கிறது.

வடிகட்டியின் கதையும் இப்படித்தான். 0.22 மைக்ரான் துளையுள்ள வடிகட்டி பாக்டீரியாவைத் தடுக்கும். ஆனால் மருந்து ஆலையில் வடிகட்டி கிழியாமல் இருக்கிறதா என்று அழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள். வடித்த பிறகு நிரப்பும் குப்பி, மூடி, காற்று, கை எல்லாமே கிருமியற்றதாக இருக்க வேண்டும். செத்த பாக்டீரியாவின் சுவரிலிருந்து வரும் நச்சு வடிகட்டியைத் தாண்டிப் போகும். குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் அடிக்க அது போதும். கண்ணை நம்பவும் முடியாது. மருந்து படிகமாகிக் கலங்கிய குப்பி, சூடு காட்டினால் தெளிந்துவிடும். தெளிந்தது மருந்து, கிருமி இருந்தால் அப்படியேதான் இருக்கும்.

ஒரு சின்னத் தவறு என்ன செய்யும் என்பதற்கு அன்றைய இந்தியாவிலேயே பழைய சான்று உண்டு. 1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபில் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு பிளேக் தடுப்பூசி போட்டார்கள். மருந்து பம்பாய் பரேல் ஆய்வகத்தில் வால்டெமர் ஹாஃப்கின் தயாரித்தது. 53என் என்ற ஒரே புட்டியிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 19 பேரும் டெட்டனஸ் வந்து இறந்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. விசாரணை ஹாஃப்கினைக் குற்றவாளியாக்கியது; உற்பத்தியை வேகப்படுத்த அவர் கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை நிறுத்தியிருந்தார். பிறகுதான் வெளிவந்தது: புட்டியைத் திறந்த இடுக்கி தரையில் விழுந்திருந்தது, அதைச் சரியாகக் கிருமி நீக்காமலே பயன்படுத்தியிருந்தார்கள். ரொனால்ட் ராஸ் முதலானோர் குரல் கொடுத்த பிறகு, 1907-இல்தான் அவர்மேல் இருந்த பழி நீங்கியது.

நூற்றுப் பத்து ஆண்டு கழித்து அமெரிக்காவில் நடந்ததில் வேறு ஸ்டீராய்டு: முதுகுவலிக்குத் தண்டுவடத்தருகே போடும் மெத்தில்பிரெட்னிசோலோன். ஜிம்மில் போடுவதற்கும் இதற்கும் பெயரில்தான் உறவு, வேலை வேறு. மாசசூசெட்ஸில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் இருந்த நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர் மூன்று தொகுதிகளாக 17,000-க்கு மேற்பட்ட குப்பிகளை அனுப்பியது. 2012 செப்டம்பரில் டென்னசியில் மருத்துவர் ஏப்ரல் பெட்டிட் ஒரு நோயாளியின் மூளைச்சவ்வு அழற்சியில் பூஞ்சையைக் கண்டு சுகாதாரத் துறைக்குச் சொன்னார். கணக்கெடுத்தபோது 20 மாநிலங்களில் 753 பேர் நோயுற்றிருந்தார்கள்; 64 பேர் இறந்திருந்தார்கள். ஆய்வகத்தில் பூஞ்சை உறுதியானவர்களில் பெரும்பாலோரிடம் காணப்பட்ட எக்ஸெரோஹைலம் ராஸ்ட்ரேட்டம், புல் இலைகளில் வளரும் பூஞ்சை! அதிகாரிகள் ஆலையில் நுழைந்தபோது ஒரு தொகுதியின் 321 குப்பிகளில் 83-இல் பச்சைக் கருமையான பொருள் மிதந்தது. 20 நிமிடம் வேண்டிய ஆட்டோகிளேவை 15 நிமிடத்தில் நிறுத்தியதாக வழக்கில் தெரிந்தது. உரிமையாளர்களில் ஒருவரான பாரி கேடனுக்கு 2017-இல் ஒன்பது ஆண்டுச் சிறை; 2021-இல் அது பதினான்கரை ஆண்டாக உயர்ந்தது.

நம்மூர்ப் பக்கமும் இப்படி ஒன்று உண்டு. சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் வட்டாரத்தில் குளோபல் பார்மா ஆலை செய்த கண் சொட்டு மருந்து, 2023-இல் அமெரிக்காவில் 81 பேருக்கு வந்த சூடோமோனாஸ் தொற்றோடு தொடர்புபடுத்தப்பட்டது. நால்வர் இறந்தார்கள், 14 பேர் பார்வை இழந்தார்கள். உரிமமும் ஆய்வாளரும் ஆய்வுக்கூடமும் உள்ள ஆலைகளின் கதை இவை.

குப்பியைச் சோதித்தே கண்டுபிடித்துவிடலாமே என்று கேட்கலாம். கிருமிச் சோதனைக்கு 14 நாள் வளர்ப்பு வேண்டும். நூறு குப்பியில் ஒன்று மட்டும் கெட்டது என்றால், 20 குப்பியை எடுத்துச் சோதித்தாலும் அந்த ஒன்று கையில் சிக்காமல் போகும் வாய்ப்பு ஐந்தில் நான்கு. அதனால்தான் ஒவ்வொரு படியையும் கட்டுப்படுத்த மருந்து விதிகளின் அட்டவணை எம் வரம்புகள் வைக்கிறது. நிரப்பும் இடத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரான் துகள் 3,520-க்கு மேல் இருக்கக் கூடாது. மின்விசிறி ஓடும் அறையில் துகள் அந்த அளவுக்குள் நிற்கவே நிற்காது. உரிமமில்லாமல் மருந்து தயாரித்தால் 1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி குறைந்தது மூன்றாண்டுச் சிறை.

இப்படிப்பட்ட ஊசியால் தொற்று வந்தவர்களில் மோசமாகச் சிக்குகிறவர்கள், சாதாரண சீழ்க்கட்டி வந்தவர்கள் அல்ல. தண்ணீரிலும் மண்ணிலும் வாழும் மைக்கோபாக்டீரிய வகைகள் ஊசி போட்டுப் பல வாரம் கழித்தே தலைகாட்டும். வழக்கமான ஆன்டிபயாடிக் கேட்காது. காசநோய் என்று நினைத்து அந்த மருந்தைத் தொடங்கினாலும் பெரும்பாலும் பலனிருக்காது. சரியான மருந்தை மாதக்கணக்கில் சாப்பிட்டு, சில சமயம் சதையை வெட்டி எடுத்த பிறகே அடங்கும். மருத்துவரிடம் 'பைக்கில் விழுந்தேன்' என்று சொன்னால் அந்தச் சோதனைக்கே எழுத மாட்டார். என்ன போட்டோம், எங்கே போட்டோம், எப்போது போட்டோம் என்று மூன்றையும் சொல்லிவிட வேண்டும். குப்பியில் மிச்சம் இருந்தால் கொட்டிவிடாமல் மூடியபடியே எடுத்துப் போகலாம். சீழில் வளர்வதும் குப்பியில் வளர்வதும் ஒன்றா என்று ஆய்வகத்தில் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ஒன்றுதான் என்று தெரிந்தால், அதே குப்பியிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட மற்றவர்களையும் கட்டி வரும் முன்னே கூப்பிட்டுப் பார்த்துவிடலாம்.