ஆறு அடுக்கு, ஒரே வெட்டு

அச்சிட்ட பருத்தித் துணியை மேசையில் விரித்து, ஏதாவது ஒரு பூவின் மேல் விரலை வைத்துக் கரையின் போக்கிலேயே நகர்த்திக்கொண்டு போனால், குறிப்பிட்ட தூரத்தில் அதே பூ மறுபடி வரும். அதே இதழ், அதே மடிப்பு, பக்கத்தில் அதே இலைநுனி. துணியில் அச்சுப் பதிப்பது ஓர் உருளை. அது ஒரு சுற்று முடித்ததும் சித்திரம் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறது. ஆலைகளில் பரவலாக இருக்கும் ரோட்டரி ஸ்கிரீன் உருளையின் சுற்றளவு 64 சென்டிமீட்டர். அதில் அச்சாகும் டிசைன் 64 சென்டிமீட்டருக்கு ஒருமுறையோ, அதைச் சரியாக இரண்டாக, மூன்றாக, நான்காகப் பகுத்த அளவுக்கு ஒருமுறையோ திரும்பி வந்தே தீரும். இந்த அளவைத் தொழிலில் ரிப்பீட் என்கிறார்கள். டிசைன் வரைபவர்களுக்கு இது ஒரு தளை. அடுத்த வரிசைப் பூவைப் பாதி தூரம் கீழே இறக்கி வைப்பது, கொடியை எல்லை தாண்டி ஓடவிடுவது என்று, திரும்பி வருவது கண்ணுக்குத் தெரியாமல் இருக்க அவர்கள் மிகவும் பாடுபடுகிறார்கள். அப்படி மறைத்து வைத்ததைத் தேடிப் பிடித்து, அதையே கச்சாப்பொருளாக எடுத்துக்கொள்ளும் கைவேலை ஒன்று உண்டு. அதுதான் கலைடாஸ்கோப் குவில்ட். அதன் அழகு தற்செயலாக வாய்ப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். செய்பவர்களிலேயே சிலர் அப்படிச் சொல்வதுண்டு. இயந்திரத்தின் ஒழுங்கை ஒருவர் எவ்வளவு கூர்ந்து படித்திருக்கிறார் என்பதுதான் அந்த அழகைத் தீர்மானிக்கிறது என்பது என் வாதம்.

குவில்ட் என்பது மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவே பஞ்சுத் தகடு, அடியில் ஒரு துணி என மூன்றையும் சேர்த்துத் தைத்த போர்வை. அதன் மேல்துணியை உருவாக்குவதில்தான் கலைடாஸ்கோப் முறை வேறுபடுகிறது. 24 அங்குலத்துக்கு ஒருமுறை டிசைன் திரும்பி வரும் துணி என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ஆறு ரிப்பீட் நீளத்தை, அதாவது 144 அங்குலத்தை, நான்கு கஜத்தை வாங்கி, ஆறு சம நீளங்களாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். எல்லா அடுக்குகளும் முகம் மேலே பார்த்திருக்க வேண்டும். மேலடுக்கில் ஒரு மகரந்தப் புள்ளியில் குண்டூசியைக் குத்தினால், ஆறாவது அடுக்கிலும் அது அதே புள்ளியில் வெளிவர வேண்டும். இதைச் சொல்வது சுலபம். ஆலையிலிருந்து வரும் துணி எப்போதும் செவ்வகமாக வருவதில்லை. பாவும் ஊடையும் லேசாகக் கோணியிருக்கும், ஓரம் ஓர் இடத்தில் இழுபட்டிருக்கும். கஞ்சி போட்டு, அயர்ன் செய்து, பத்துப் பதினைந்து இடங்களில் ஊசி குத்திச் சரிபார்த்த பிறகே வெட்டத் தொடங்கலாம். ஜப்பானிய நிறுவனமான ஓல்ஃபா 1979இல் கொண்டுவந்த உருளைக் கத்தி இல்லையென்றால் இந்த முறை இவ்வளவு பரவியிருக்காது. கத்தரிக்கோல் அடிப்பாகத்தைத் தூக்கி அடுக்கைக் குலைத்துவிடும். உருளைக் கத்தி, மேசையோடு படுத்திருக்கும் ஆறு துணிகளையும் ஒரே அழுத்தில் வெட்டுகிறது.

அடுக்கை முதலில் பட்டைகளாகவும், பிறகு 60 பாகைக் கோணத்தில் சமபக்க முக்கோணங்களாகவும் வெட்டினால், ஒவ்வொரு வெட்டிலும் ஒரே மாதிரியான ஆறு முக்கோணங்கள் கைக்கு வரும். அவற்றின் ஒரே முனையை மையமாக வைத்துச் சுற்றிலும் அடுக்கினால் ஓர் அறுகோணம். மையத்தில் வைக்க மூன்று முனைகள் இருப்பதால், ஒரே ஆறு துண்டுகளிலிருந்து மூன்று வெவ்வேறு அறுகோணங்கள் செய்யலாம். ஒன்றில் மையத்தில் நட்சத்திரம் தோன்றும். இன்னொன்றில் ஓரத்தில் வளையம் மட்டும் இருக்கும். மூன்றாவதில் காற்றாடிபோலச் சுழலும். அமெரிக்காவில் பெத்தனி ரெனால்ட்ஸ் 1998இல் வெளியிட்ட நூல் இந்த அடுக்கி வெட்டும் முறையைப் பரவலாக்கியது. மாக்சின் ரோசென்தால் 2006இல் எழுதிய நூல், ஒரே துணியின் அறுகோணங்களை இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று சேர்த்து முழுப் போர்வையாக்கும் முறையை முன்வைத்தது. அறுகோணத்தை முழுதாகத் தைக்காமல் இரண்டு பாதிகளாக விட்டு, நெடுக்கு வரிசைகளில் இணைத்தால் மூலை திருப்பித் தைக்கும் தொல்லையே வராது. எளிய தையல் இயந்திரம் வைத்திருப்பவர்களும் இதில் இறங்க முடிந்தது இந்த ஒரு யோசனையால்தான்.

பெயர் கலைடாஸ்கோப்பாக இருந்தாலும், கண்ணாடிக் குழல் செய்வதையும் இந்த முறை செய்வதையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் 1817இல் காப்புரிமை பெற்ற குழலில், 60 பாகையில் நிற்கும் இரண்டு கண்ணாடிகள் ஆறு பிரிவுகளைக் காட்டும். அவை ஒன்றுவிட்டு ஒன்று பிம்பங்கள். ஒரு பிரிவின் வலது ஓரம் அடுத்த பிரிவில் தன்னையே சந்திக்கிறது. அதனால் இலை எங்கே வெட்டுப்பட்டாலும் கோட்டின் மறுபுறம் அது முழுமையாகிவிடும். அடுக்கி வெட்டிய துணியில் பிம்பம் கிடையாது, சுழற்சி மட்டுமே உண்டு. ஒரு முக்கோணத்தின் வலது ஓரம் அடுத்ததன் இடது ஓரத்தைச் சந்திக்கிறது. இலை பட்டென்று முறியும், நிறம் தாவும். அந்த முறிவுகள் ஆறு திசையிலும் ஒரே மாதிரி நிகழ்வதால்தான் சுழலும் தோற்றம் பிறக்கிறது. துணியைப் புரட்டிப்போட்டு பிம்பம் பெறவும் வழியில்லை, அச்சின் முதுகுப்புறம் வெளிறியிருக்கும். உண்மையான கண்ணாடிச் சமச்சீர் வேண்டுமானால், டிசைனிலேயே இடமும் வலமும் ஒத்திருக்கும் துணியைத் தேடிப் பிடித்து, அதன் நடுக்கோட்டில் ஆப்பு வடிவ அச்சட்டையை வைத்து ஒவ்வொரு துண்டாக வெட்ட வேண்டும். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியைச் சேர்ந்த பாலா நேடெல்ஸ்டெர்ன் பல ஆண்டுகளாகச் செய்துவருவது இதைத்தான். ஒளி ஊடுருவும் அச்சட்டையில் டிசைனின் கோடுகளைக் குறித்துக்கொண்டு வெட்டுவார். ஒரு துணியின் கோடு அடுத்த துணிக்குள் தொடர்ந்து ஓடுவதால் தையல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அமெரிக்க நாட்டார் கலை அருங்காட்சியகம் 2009இல் அவருடைய குவில்ட்டுகளுக்கென்றே தனிக் கண்காட்சி நடத்தியது. அவற்றைப் பார்த்துவிட்டு தற்செயல் என்ற சொல்லை யாராலும் எடுக்க முடியாது.

ஆனால் எல்லோரும் நேடெல்ஸ்டெர்ன் இல்லை. அடுக்கி வெட்டும் சாதாரண முறையில், வெட்டும்போது உள்ளே என்ன வரும் என்று தெரியாதே, அப்படியானால் அது அதிர்ஷ்டம்தானே என்ற கேள்வி நியாயமானது. ஒவ்வொரு முக்கோணமும் குறிப்பாக எப்படி அமையும் என்பது முன்கூட்டித் தெரியாது, உண்மை. ஆனால் வெட்டுக்கு முன்னும் பின்னும் நடப்பவை அத்தனையும் தேர்வு. வெள்ளைத் தரையில் சின்னப் பூக்கள் தள்ளித்தள்ளி நிற்கும் துணியை வாங்கினால், பாதி அறுகோணங்கள் வெறும் வெள்ளையாக வரும். எல்லா நிறமும் ஒரே அழுத்தத்தில் இருந்தால் எதுவும் எடுப்பாகத் தெரியாது. பெரிய உருவங்கள், வளைந்தோடும் கோடுகள், இருளுக்கும் வெளிச்சத்துக்கும் நல்ல இடைவெளி, துணியில் ஆங்காங்கே ஒதுங்கி நிற்கும் ஓர் எதிர்நிறம் ஆகியவை உள்ள துணியே வேலைக்கு ஆகும். முழுதாகப் பார்த்தால் கண்ணை உறுத்தும், உடுத்தவோ திரைச்சீலையாக மாட்டவோ யாரும் விரும்பாத துணிகள் இதில் அற்புதமாக மலர்வதற்குக் காரணம் இதுவே. வெட்டிய பிறகு, ஒவ்வோர் அறுகோணத்துக்கும் மூன்று முனைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நூறு அறுகோணம் என்றால் அப்படி நூறு முடிவுகள். அதற்கும் பிறகுதான் கடினமான பகுதி. அறுகோணங்களைச் சுவரில் ஒட்டி, பச்சை நீலத்துக்கும் நீலம் ஊதாவுக்கும் கரைந்து போகும்படி இடம்மாற்றி இடம்மாற்றி அடுக்குவது. மோசமான குவில்ட் ஒன்றையும் சிறந்த ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தனித்தனி அறுகோணங்களில் பெரிய வித்தியாசம் இருக்காது, அடுக்கில்தான் இருக்கும். புரூஸ்டரே தன் குழலை விளையாட்டுப் பொருளாக மட்டும் கருதவில்லை. 1819இல் எழுதிய நூலில், அலங்கார வடிவங்கள் வரைவோருக்கு உதவும் கருவி என்று அதைப் பரிந்துரைத்தார். குழல் எண்ணற்ற வடிவங்களைக் காட்டும். எதை நிறுத்தி வைப்பது என்று பார்ப்பவர்தானே முடிவு செய்ய வேண்டும்?

இதைவிட வலுவான ஆட்சேபம் சிக்கனத்தைப் பற்றியது. மீந்த துணிகளைச் சேர்த்துப் போர்வையாக்கும் வேலையில், நான்கு கஜம் புதுத்துணியை வாங்கி நறுக்குவதா என்று கேட்பவர்களுக்கு, அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள் உழைத்துத் தேய்ந்த உடைகளிலிருந்து தைத்த குவில்ட்டுகள் கண்முன் நிற்கும். 2002இல் அவை நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் தொங்கியபோது, வறுமைக்குள்ளிருந்து எவ்வளவு பெரிய வடிவமைப்பு எழ முடியும் என்று உலகம் பார்த்தது. அந்தப் பெருமை கலைடாஸ்கோப் குவில்ட்டுக்கு இல்லை. இது துணி மலிவாகக் கிடைக்கும் காலத்தின் கலை. ஆனால் விலை கொடுத்து வாங்கிய துணியை வெட்டித் தைப்பதும் குவில்ட்டின் பழைய மரபுகளில் ஒன்றுதான். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய, கையால் எழுதிச் சாயமிட்ட துணிகள் ஐரோப்பாவைக் கிறங்கடித்தன. பிரான்ஸ் 1686இல் அவற்றைத் தடை செய்தது; இங்கிலாந்து 1700இல் இறக்குமதியையும் 1721இல் உடுத்துவதையும் தடுத்தது. அந்த அரிய துணியிலிருந்து பூவையும் பறவையையும் தனித்தனியே கத்தரித்து, வெள்ளைத் துணியில் பரப்பித் தைத்துப் போர்வையாக்கினார்கள். சிறு துண்டைப் பெரும்பரப்புக்கு நீட்டும் வழி அது. அந்தத் துணிகளால் கலைடாஸ்கோப் குவில்ட் செய்திருக்கவே முடியாது என்பதும் கவனிக்கத்தக்கது. கலமெடுத்து எழுதிய கை எந்தப் பூவையும் அச்சு அசலாக இரண்டாம் முறை எழுதாது. ஆறு அடுக்கிலும் ஒரே புள்ளியில் குண்டூசி இறங்காது. இங்கிலாந்தில் தாமஸ் பெல் 1783இல் செப்பு உருளை அச்சுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு பெருகிய துல்லியம்தான் இதற்கு வாசல் திறந்தது.

வீணாவது எவ்வளவு என்று கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 3¾ அங்குலப் பட்டையிலிருந்து வெட்டும் முக்கோணம், கால் அங்குலத் தையலுக்குப் பிறகு 3 அங்குல உயரமாகச் சுருங்குகிறது. பரப்பளவில் பார்த்தால் 36 சதவீதம் தையலுக்குள் போய்விடுகிறது. அதிகம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் முக்கோணத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த முக்கோணத்தைத் தலைகீழாக வெட்டுவதால், பட்டையின் இரு நுனிகளைத் தவிர எறிவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. நான்கு கஜத்திலிருந்து சுமார் நூறு அறுகோணங்கள் தேறும். ஒருவர் சோபாவில் போர்த்திக்கொள்ளும் அளவுக்கு வரும். தேர்ந்தெடுத்த பூவை மட்டும் அங்கங்கே வெட்டி எடுக்கும் முறையில்தான் துணி ஓட்டை ஓட்டையாக நிற்கும். வீண் என்று குறை சொல்வதானால் அதைச் சொல்லலாம்.

துணியின் டிசைனை வரைந்தவர் வேறொருவர், குவில்ட் செய்பவர் அவருடைய உழைப்பில் குளிர்காய்கிறார் என்ற வாதத்துக்கு நான் அவ்வளவாக மதிப்புத் தரமாட்டேன். ஜின்னி பேயர் என்ற அமெரிக்கர் 1972இல் இந்தியாவில் வசித்தபோது, இங்குக் கிடைத்த பருத்தித் துணிகளைக் கொண்டு குவில்ட் தைக்கத் தொடங்கியவர். கரைச்சித்திரம் ஓடும் துணிகளை ஒரே இடத்தில் வெட்டி வெட்டி இணைத்தால் மையத்தில் புது வடிவம் பிறப்பதை அழகாகப் பயன்படுத்தினார். பிறகு, அப்படி வெட்டுவதற்கு வாகான கரைத்துணிகளை அவரே டிசைன் செய்யவும் தொடங்கினார். வெட்டும் கை வரையும் கைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது என்றே இதைப் படிக்க வேண்டும். சில குவில்ட் கலைஞர்கள் மூலத்துணியில் ஒரு துண்டை வெட்டாமல் எடுத்துவைத்து, குவில்ட்டைச் சுற்றிக் கரையாகவோ பின்பக்கத் துணியாகவோ வைக்கிறார்கள். பின்பக்கம் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. முன்பக்கத்திலேயே, அறுகோணங்களை ஒட்டியே வர வேண்டும். பார்ப்பவர் இந்தப் பூவிலிருந்தா அந்த நட்சத்திரம் வந்தது என்று இரண்டுக்கும் இடையே கண்ணை ஓட்டித் தேடட்டும். டிசைன் வரைந்தவருக்குச் சேர வேண்டியதும் வெட்டியவருக்குச் சேர வேண்டியதும் அந்தத் தேடலிலேயே பிரிந்து தெரிந்துவிடும்.