காயத்தின் மேல் ஒளி: பல் உள்வைப்பும் லேசர்ச் சிகிச்சையும்

இலங்கையின் மிக உயர்ந்த புகையிரத நிலையமாகிய பட்டிப்பொல 6,226 அடி உயரத்தில் உள்ளது. இப்பகுதித் தேயிலைத் தோட்டங்களில் கடைவாய்ப்பல்லை இழந்தவரின் வாயில் அவ்விடம் வெறுமையாகவே எஞ்சிவிடுவது வழமை. அவ்வெறுமையை நிரப்பும் விஞ்ஞானம் இல்லாமலில்லை. சுவீடனின் பிரனமார்க் 1952 இல் முயலின் எலும்பிற் பதித்த டைட்டேனியம், எலும்போடு பிரிக்கவியலாதவாறு ஒன்றியது. 1965 இல் மனிதத் தாடையில் முதல் உள்வைப்பு நிகழ்ந்தது. அவ்வொன்றிப்புக்கு மூன்று முதல் ஆறு மாதம் காத்திருத்தல் பழைய மரபு. வலியைத் தணித்து இக்காலத்தைச் சுருக்கலாம் என்ற எதிர்பார்ப்பிலேயே வலுக்குறைந்த லேசர் இங்கு நுழைகிறது.

புடாபெஸ்டில் மெஸ்டர் 1967 இல் எலிகளின் கட்டியை லேசரால் அழிக்க முயன்றார். கருவியின் வலு போதவில்லை. கட்டி அழியவில்லை; மாறாக, மழித்த இடத்தில் மயிர் விரைந்து முளைத்தது. செந்நிற, அகச்சிவப்பு ஒளியைக் கலத்தின் இழைமணியிலுள்ள நொதியமொன்று உறிஞ்சுவதால் சக்தி உற்பத்தி மிகுகிறது என்பதே இதற்குப் பெரிதும் கூறப்படும் விளக்கம். வெப்பத்தால் இழையத்தை வெட்டும் லேசர் வேறு, இது வேறு. விலங்குப் பரிசோதனைகள் நம்பிக்கையூட்டின. ஆயினும் மனிதரில் உள்வைப்பின் உறுதி பற்றிய முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. ஒளியின் அளவும் அலைநீளமும் ஆய்வுக்கு ஆய்வு மாறுவது இதற்கொரு காரணம். விளம்பரங்கள் இதனைச் சொல்வதில்லை. பண்டமாகிவிட்ட மருத்துவத்தில் ஐயம் விலைபோவதில்லையே.

ஒரு முறை ஒளி பாய்ச்சுவதோடு இச்சிகிச்சை முடிவதில்லை. சத்திரசிகிச்சையின் பின் பல நாட்கள் நோயாளி திரும்பத் திரும்ப வரவேண்டும். நாட்கூலி பெறும் கொழுந்து பறிப்பவளுக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாட் சம்பளம். நெடுங்காலம் நாட்டின் ஒரே பல்வைத்தியபீடத்தைக் கொண்டிருந்த பேராதனையோ மலையடிவாரத்தில். காயம் ஆறும் வேகத்தை ஆராய்வோர் இந்த நாட்களைக் கணக்கிற் சேர்ப்பதில்லை.

பிறிதொன்றும் உண்டு. தோட்டங்களில் வெற்றிலை, பாக்கு, புகையிலை குளிரோடும் களைப்போடும் உறவாடுவன. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. கலப்பெருக்கத்தைத் தூண்டவல்ல ஒளியைப் புற்று ஐயமுள்ள இடத்திற் பாய்ச்சலாகாது என எச்சரிக்கப்படுவதால், லேசருக்கு முன் வாயைப் பரிசோதித்தல் இன்றியமையாதது. ஆரம்ப சுகாதாரப் பணியாளரைக் கொண்டே அதனைச் செய்யலாமென இலங்கை ஆய்வொன்று 1984 இலேயே காட்டிற்று. இவ்வொளிக்கு வலுவான சான்று இருப்பதும் உள்வைப்பில் அன்று. புற்றுநோய்ச் சிகிச்சையால் வாயிற் தோன்றும் புண்களைத் தடுப்பதிலேயே. அப்பயனை 2020 ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டல்கள் பரிந்துரைத்துள்ளன. அரசாங்க வைத்தியசாலைக்கு லேசர்க் கருவி கேட்பதாயின், மலையகத்தார் முதலிற் கேட்கவேண்டியது இதற்காகவே.