புல்தரை ஏன் போதாது?

விளையாட்டு ஏணியில் 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் குழந்தை மணிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதும். தலை 1 சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டால் அதன்மீது சராசரியாகப் புவியீர்ப்பைப்போல் 120 மடங்கு விசை. 6 சென்டிமீட்டர் அமிழ்ந்து நின்றால் 20 மடங்குதான். ஆக, ஏணிக்கும் ஊஞ்சலுக்கும் அடியில் தளம் போடும்போது நாம் காசு கொடுத்து வாங்குவது அந்த அமிழும் தூரத்தைத்தான். இறுகிய மண்ணும் புல்லும் அதைத் தருவதில்லை. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அவற்றைப் பாதுகாப்புத் தளமாக ஏற்காததன் காரணம் இதுவே. அதன் கையேட்டின்படி, 9 அங்குல மணல் 4 அடி உயர வீழ்ச்சிக்குத்தான் தாங்கும். அதே ஆழத்து மரச்சில்லு 10 அடிக்கு. வீட்டிலேயே நடத்தும் குழந்தைகள் காப்பகத்துக்கு மரச்சில்லே சரி என்பேன். மணல் மலிவுதானே? ஆனால் நனைந்தால் இறுகும், பூனைகளையும் அழைக்கும். மரச்சில்லு மக்கும், சிதறும் என்பது உண்மைதான். 12 அங்குலம் கொட்டினால் 9-க்குப் படியும், ஊஞ்சலடியில் அடிக்கடி வாரி நிரப்பவும் வேண்டும். அதற்கும் பணமில்லையென்றால் ஏணியின் உயரத்தைக் குறைக்கலாம்.