கோட்டைக் காட்சிசாலையில் காரன்வாலிஸ்

செம்பரம்பாக்கம் ஏரிக்கு மேற்கே, காஞ்சிபுரத்தை அடுத்துப் புள்ளலூர் என்னும் கிராமம் இருக்கிறது. கிழக்கே பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பிடித்துப் போனால் கடலோரத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை. 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி அந்தப் புள்ளலூரில்தான் மைசூர் அதிபதி ஹைதர் அலியும் அவர் குமாரர் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லியைச் சேனையோடு மடக்கிச் சிறைப்பிடித்தார்கள். அந்த அவமானத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு கழித்துக் கிடைத்த ஈடு, கோட்டைக்குள் இருக்கும் காட்சிசாலையில் சலவைக்கல்லாய் நிற்கிறது.

வியாபாரிகள் கூடும் எக்ஸ்சேஞ்சாக எழும்பி 1795-இல் முடிவுற்ற இக்கட்டடம், 1948-இல் காட்சிசாலையாயிற்று. மாடியில் மன்னர், ராணி, கவர்னர்களின் எண்ணெய்ச் சித்திரங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. அவற்றை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். நின்று பார்க்கவேண்டியது, தாமஸ் பாங்க்ஸ் என்னும் ஆங்கிலச் சிற்பி செதுக்கிய, கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபுவின் சிலையை, அதிலும் முகத்தையல்ல, பீடத்தை. திப்புவின் புத்திரர்களான அப்துல் காலிக், முயிஸுத்தீன் என்னும் இரு பாலகர்களைப் பிரபு பிணையாக ஏற்றுக்கொள்ளும் காட்சி அதிலே புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. 1792-இல் போரில் தோற்று, ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி ராஜ்யத்தில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க இசைந்த சுல்தான், அது தீரும்வரை பெற்ற பிள்ளைகளையும் அனுப்பவேண்டியதாயிற்று. சென்னைக்குக் கொண்டுவரப்பட்ட அவர்கள் 1794-இல்தான் தகப்பனாரிடம் திரும்பினார்கள். பத்து வயதும் எட்டு வயதுமான குழந்தைகளை வாங்கிக்கொண்டதை வீரச்செயலாகக் கருதி, சென்னைப் பிரமுகர்களும் கம்பெனி உத்தியோகஸ்தர்களும் பணம் திரட்டிச் சிலை வைத்தார்கள் என்பதை நினைக்கும்போது, 1781-இல் அமெரிக்காவின் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த சேனைக்குத் தலைவரும் இதே பிரபுதான் என்பது நினைவுக்கு வராமற் போவதில்லை.

இந்தப் பீடத்தை மட்டும் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவர் வழக்கில் ஒரு தரப்பை மாத்திரம் கேட்டவரே ஆவார். மறு தரப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில், திப்பு 1784-இல் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் இருக்கிறது. அங்கே புள்ளலூர்ப் போர் விஸ்தாரமாக எழுதப்பட்டிருக்கிறது: வெடிமருந்து வண்டி தீப்பற்றி எரிய, சிவப்பங்கிச் சிப்பாய்கள் சதுரமாக வியூகம் வகுத்து நெருக்குண்டிருக்க, நடுவே பல்லக்கில் பெய்லி விரலைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். சுண்ணாம்பு பூசி மறைக்கப்பட்டிருந்த அச்சித்திரத்தை, திப்பு மாண்ட பிறகு அம்மாளிகையில் குடியிருந்த ஆங்கிலத் தளகர்த்தர் ஆர்தர் வெல்லஸ்லி, தம் கட்சியாரின் தோல்வி என்று அறிந்தும் மீண்டும் எழுதச் செய்தார். வென்றவன் காட்டும் இவ்வளவு தாராளத்தையும் நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்; அபாயம் நீங்கிய பிறகு பிறக்கும் தாராளம் அது என்பதும் உண்மை. இன்று இரண்டு இடங்களையும் பராமரிப்பது ஒரே இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறை.

ஆயினும் கல்லிலும் சுவரிலும் தலைவர்களுக்கே பெயர் உண்டு. பெய்லியின் சேனையில் பெரும்பாலோர் இந்நாட்டுச் சிப்பாய்கள். ஹைதரின் குதிரைகள் மிதித்தவை இந்நாட்டு வயல்கள். பயிர் அழிந்து பஞ்சம் பரவியபோது கிராமத்தார் கூட்டங்கூட்டமாகச் சென்னைக்கு ஓடிவந்தார்கள். அவர்களுக்காக 1782-இல் ராயபுரத்துப் பக்கம் கஞ்சி வார்க்கத் தொடங்கிய இடமே மணியகாரர் சத்திரமாகி, அதையொட்டி வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னையின் பழைய மனிதர்கள் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே சொல்லி வந்தார்கள். கோட்டையிலிருந்து அது அதிக தூரமில்லை. காட்சிசாலையைப் பார்த்து முடித்தவர்கள் பாரிமுனையில் பஸ் ஏறுவதற்கு முன் அந்தப் பக்கமும் ஒருமுறை போய்வரலாம்.