புட்குழியும் போஸ்பரஸ் பாலமும்

முன்னுரை

வென்ற வேந்தனுக்கு வெற்றித்தூண் நாட்டுதல் உலக வழக்கு. எதிர்த்து நின்று வீழ்ந்தோரையும் மறவாது போற்றுதல் அதனினும் உயர்ந்த வழக்காகும். காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டி சத்திரத்தை அடுத்துள்ள திருப்புட்குழி இதற்குத் தக்க சான்று. புள் என்பது பறவை. அது குழி என்னும் சொல்லொடு புணர்ந்து புட்குழி ஆயிற்று. சீதையைக் கவர்ந்து சென்ற இராவணனைத் தடுத்து வீழ்ந்த சடாயுவுக்கு இராமன் இறுதிக்கடன் ஆற்றிய இடம் இதுவென்பது தலபுராணச் செய்தி. விசயராகவப் பெருமாள் கோயிலும் சடாயு தீர்த்தமும் இன்றும் அந்நினைவைத் தாங்கி நிற்கின்றன. வலியவனைத் தடுத்து வீழ்ந்த பறவை ஒன்றின் நினைவாக ஓர் ஊரே பெயர் பெற்றது. இதே நோக்கில், படைக்கலம் இன்றிப் படையை எதிர்த்த மக்களுக்காகத் துருக்கி நாட்டில் எழுந்துள்ள அருங்காட்சியகங்களைப் பற்றி ஈண்டுக் காண்போம்.

பழைய தழும்புகள்

மக்கள் தேர்ந்தெடுத்த அரசைப் படையினர் ஆயுத வலிமையால் கவிழ்ப்பதே இராணுவப் புரட்சி எனப்படும். துருக்கி இத்துன்பத்தைப் பன்முறை கண்ட நாடு. 1960 மே 27 அன்று ஆட்சியைக் கைப்பற்றிய படையினர், பிரதமர் அத்னான் மெந்தெரஸை மறு ஆண்டில் தூக்கிலிட்டனர். 1971இல் படைத்தலைவர்கள் விடுத்த எச்சரிக்கையால் அரசு பதவி விலகியது. 1980 செப்டம்பர் 12 அன்று மீண்டும் படையாட்சி வந்தது. இவற்றின் நினைவு மக்கள் உள்ளத்தில் ஆறாத் தழும்பாய் இருந்ததை உணர்ந்தால்தான் 2016இல் நிகழ்ந்ததன் பொருள் விளங்கும்.

ஓர் இரவின் எழுச்சி

2016 சூலை 15, வெள்ளிக்கிழமை இரவு, படையினருள் ஒரு பிரிவினர் இஸ்தான்புல் நகரின் போஸ்பரஸ் பாலத்தை மறித்தனர். அரசுத் தொலைக்காட்சி நிலையத்தைக் கைப்பற்றி, செய்தி வாசிப்பாளரை அச்சுறுத்தித் தம் அறிக்கையைப் படிக்கச் செய்தனர். குடியரசுத் தலைவர் எர்தோகான் கைபேசி வழியே தனியார் தொலைக்காட்சி ஒன்றில் தோன்றி, மக்களை வீதிக்கு வருமாறு அழைத்தார். பள்ளிவாசல் மினாராக்களிலிருந்து இரவு முழுதும் ஸலவாத்து ஒலித்தது. பாலத்தில் துப்பாக்கிகளுக்கு எதிரே மக்கள் வெறுங்கையுடன் நடந்தனர். அங்காராவில் நாடாளுமன்றத்தின்மீது குண்டுகள் விழுந்தபோதும், ஆளுங்கட்சியினரும் எதிர்க்கட்சியினரும் உள்ளே ஒருங்கே இருந்தனர். விமானத்தளத்தை அடுத்த கசான் என்னும் ஊரின் உழவர்கள், விமானிகளின் கண்ணை மறைக்க வைக்கோலைக் கொளுத்திப் புகை எழுப்பினர். விடிந்தபோது பாலத்தில் நின்ற படையினர் கையுயர்த்திச் சரணடைந்தனர். பொதுமக்கள், காவலர், அரசின் பக்கம் நின்ற படைவீரர் என 251 பேர் அவ்விரவில் உயிர் துறந்தனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

நினைவின் இல்லங்கள்

பாலத்துக்குச் சூலை 15 தியாகிகள் பாலம் எனப் பெயர் சூட்டப்பட்டது. கசான், 'வீரக் கசான்' என்னும் பொருளில் கஹ்ரமான்கசான் ஆயிற்று. பாலத்தின் ஆசியக் கரையில் 2017இல் நினைவுச்சின்னமும், பின்னர் 2019இல் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டன. அவ்வருங்காட்சியகத்தின் பெயரில் உள்ள 'ஹாஃபிஸா' என்னும் துருக்கிச் சொல்லுக்கு நினைவாற்றல் என்பது பொருள். திருக்குர்ஆனை மனனம் செய்தவரை நாம் ஹாபிழ் என்று அழைக்கிறோமன்றோ? இரண்டும் ஒரே அரபுவேரிலிருந்து கிளைத்த சொற்கள். காத்தல் என்பதே அவ்வேரின் பொருள். அங்காராவில் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு எதிரே மற்றோர் அருங்காட்சியகம் 2021 சூலை 15 அன்று திறக்கப்பட்டது. மாண்டோரின் உடைமைகளும் நிழற்படங்களும் அவ்விரவின் காட்சிப்பதிவுகளும் இவற்றில் இடம்பெற்றுள்ளன.

நம் முன்னோர் போரில் பட்டவனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரும் பீடும் எழுதினர். கல் கண்டு தேர்தல் முதல் வாழ்த்துதல் வரை நடுகல்லின் துறைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. மாண்டவரைப் பெயர் சொல்லி நினைத்தல் என்னும் அளவில் நடுகல்லும் அருங்காட்சியகமும் ஓரினமே எனலாம்.

சொல்லப்பட வேண்டிய மறுபக்கம்

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்விரவு கழிந்த ஐந்தாம் நாள் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு ஈராண்டுகள் நீடித்தது. ஆசிரியர், நீதிபதி உள்ளிட்ட அரசுப் பணியாளர் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்டோர் பணியிழந்தனர். செய்தித்தாள்கள் பல மூடப்பட்டன. பயிற்சிக்கென்றே தம்மை அழைத்து வந்ததாகக் கூறிய இளம் படைக்கல்லூரி மாணவர்கள் ஆயுள் தண்டனை பெற்றனர். அரசு குற்றஞ்சாட்டிய மதபோதகர் ஃபெத்துல்லா குலன் 2024இல் மறையும் வரை அக்குற்றத்தை மறுத்தே வந்தார். எதிர்த்து நின்ற மக்களின் வீரம் உண்மை. அவ்வீரத்தின் பெயரால் பின்னர் விளைந்த துன்பமும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்கும் நினைவகம், அரசின் புகழ்மாலையாகச் சுருங்கிவிடும். மாண்ட 251 பேரும் தாம் காத்த உரிமை அனைவருக்கும் உரியதாதல் வேண்டும் என்று கேட்கும் தகுதி உடையவர்கள்.

முடிவுரை

2024 திசம்பர் 3 இரவு தென்கொரியாவில் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டபோது, மக்கள் நாடாளுமன்றத்தின் முன் திரண்டனர்; உறுப்பினர்கள் உள்ளே சென்று வாக்களித்துச் சில மணி நேரத்தில் அதனை நீக்கச் செய்தனர். மக்கள் இசைவின்றிப் படைக்கலத்தால் மட்டும் ஆள இயலாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று. இவ்வுண்மையை அடுத்த தலைமுறைக்குக் காத்தளிப்பதே இத்தகைய அருங்காட்சியகங்களின் பணி. சடாயு அன்று தோற்றான். எனினும் அவன் எதிர்த்து நின்றது அறத்துக்காக என்பதனாலேயே புட்குழி அவன் பெயரைக் காத்து நிற்கிறது. போஸ்பரஸ் பாலத்து நினைவகமும் அறத்தை அளவுகோலாகக் கொண்டு, எவர் பட்ட துன்பத்தையும் மறையாது உரைக்குமாயின், அதுவும் காலத்தை வென்று நிற்கும் என்பது நம் துணிபு.