ஞாயிற்றுக்கிழமைக் காட்டு நடை: திரான்சியிலிருந்து மூன்று வழிகள்

எங்களில் அநேகருக்குக் காடு என்றால் இரண்டு ஞாபகங்கள்தான் வரும். ஒன்று, இடம்பெயர்ந்து வன்னியில் மரத்தின் கீழ்ப் படுத்த நாட்கள். மற்றது, ஏஜென்சிக்காரன் பின்னால் எல்லை கடக்க இரவிரவாய் நடந்த நடை. இருமவும் பயம், நெருப்புக்குச்சி கிழிக்கவும் பயம். அதனால்தானோ என்னவோ, பிரான்சுக்கு வந்த பின்னும் எங்கள் குடும்பங்கள் வேலைத்தலம், வீடு, லாச்சப்பல் கடைத்தெரு, கலியாண மண்டபம் என்ற நாலு மூலைக்குள்ளேயே சுற்றுகின்றன. பிள்ளைகள் ஞாயிறு முழுக்கத் தொலைக்காட்சிக்கு முன்னால்.

ஆனால் நடை எமக்குப் புதிதல்ல. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை காட்டு வழியே பாதயாத்திரை போன பரம்பரை நாங்கள். இங்கு பிரெஞ்சுக்காரர் விடுமுறை நாளில் குடும்பமாய்க் காட்டில் நடக்கிறார்கள். 'ரந்தொனே' என்பார்கள். அரச காடுகளில் உள்ளே போகக் காசு இல்லை, ஒருவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. மாதாந்த நவிகோ அட்டை 2015 செப்டெம்பர் முதல் பாரிஸ் பிராந்தியம் முழுவதற்கும் செல்லும். வேலைக்குப் போக வைத்திருக்கும் அதே அட்டையிலேயே காட்டுக்கும் போய்வரலாம்.

மரத்தில் உள்ள கோடுகள்

பாஷை போதாதே, வழி தவறினால் யாரிடம் கேட்பது என்று யோசிக்க வேண்டாம். வழி மரத்திலும் கல்லிலும் நிறத்தால் எழுதியிருக்கும். வெள்ளையும் சிவப்புமாய் இரண்டு கோடு என்றால் நெடுந்தூரப் பாதை. இதன் முதற் பகுதி 1947இல் லுவார் ஆற்றோரம் திறக்கப்பட்டது. மஞ்சள் ஒற்றைக் கோடு என்றால் ஒரு நாளுக்குள் முடிகிற சிறு பாதை. கோடு நேராக இருந்தால் நேரே போகவும். வளைந்த அம்புக்குறி என்றால் திரும்பவும். பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்த வழி அல்ல. கனநேரமாய்க் குறி தென்படாவிட்டால், கடைசியாய்க் கண்ட குறிக்குத் திரும்பி வரவேண்டும். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளையும் இதைப் பார்த்து வழி காட்டும்.

முதலாவது: இலகுவான வழி

திரான்சியில் ஆர்.ஈ.ஆர். 'பே' றெயிலில் மித்ரி பக்கமாய் ஏறினால் மூன்றாவது நிலையம் செவ்ரான்-லிவ்ரி. அருகிலேயே புத்ரெரி காட்டுப் பூங்கா. 1873 தொடக்கம் 1973 வரை நூறு வருடம் இங்கு வெடிமருந்து செய்தார்கள். இன்று அந்த இடத்தில் ஓக் மரங்களுக்கிடையே பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். எங்கள் ஊருக்கும் இப்படி ஒரு காலம் வராதா என்று நினைக்காமல் அங்கே நடக்க முடியாது.

பூங்காவை ஊடறுத்து ஊர்க் கால்வாய் ஓடுகிறது. பாரிசுக்குத் தண்ணீர் கொண்டுவர நெப்போலியன் 1802இல் கட்டளையிட்ட கால்வாய் இது. லாச்சப்பலில் இருப்பவர்களுக்கு இன்னும் வசதி. ஸ்தாலின்கிராட் பக்கம் நடந்துபோனால் இதே கால்வாயின் வில்லெத் தடாகம் வந்துவிடும். கரையோரம் முழுக்கச் சமதரை. குழந்தை வண்டியும் போகும், முழங்கால் நோவுள்ள அம்மாமாரும் வரலாம். சைக்கிள்காரர் வேகமாய் வருவார்கள், சிறுபிள்ளைகளின் கையை விடவேண்டாம்.

இரண்டாவது: நடுத்தர வழி

அதே 'பே' றெயிலில் மறுபக்கம் கடைசி நிலையம் வரை போனால் சென்-ரெமி-லெ-செவ்ரூஸ். சில றெயில் ரொபன்சோன் பக்கம் பிரிந்துவிடும். பலகையைப் பார்த்து ஏறவும். ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் பயணம். இந்தப் பள்ளத்தாக்கு 1985இல் இயற்கைப் பூங்காவாக்கப்பட்டது.

நிலையத்திலிருந்து இவெத் ஆற்றுப் பக்கமாய் நடந்தால் செவ்ரூஸ் ஊர் வரும். அங்கு வீடுகளுக்கு முன் வாய்க்காலில் சின்னச் சின்னப் பாலங்கள். பிறகு ஏற்றம். மேலே மத்லென் கோட்டை. 1661இல் இந்தக் கோட்டையில் கட்டட வேலையை மேற்பார்வை செய்ய வந்தவர் ரசீன். உங்கள் பிள்ளைகள் பள்ளியில் படிக்கப்போகும் நாடகாசிரியர் அவர்தான். அவர் பெயரிலேயே அங்கிருந்து ஒரு பாதை போகிறது. யாழ்ப்பாணத்தாருக்கு மலை எங்கே தெரியும்? கீரிமலை என்று பெயர் இருக்கிறது, போனால் கேணிதான். மலையகத்திலிருந்து வந்த உறவுகளை முன்னுக்கு விட்டு நாங்கள் பின்னால் மெல்ல ஏறுவோம்.

மூன்றாவது: கடினமான வழி

கார் து லியோனில் றெயில் ஏறி முக்கால் மணித்தியாலமளவில் பொந்தன்புளோ-அவோன். இந்தக் காட்டில் பனை உயரக் கருங்கற்கள் போன்ற பாறைகளும், மணற்காட்டை ஞாபகப்படுத்தும் வெண்மணலும் உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இது கடலாக இருந்தது.

இங்கு பாதை போட்டவர் கதை எமக்குப் பொருத்தமானது. தெனெகூர் என்பவர் நெப்போலியனின் படையில் இருந்து காயப்பட்டவர். பின்னர் அரசியல் கருத்துக்காக வேலையை இழந்தவர். மனம் உடைந்து காட்டுக்குள் நடக்கத் தொடங்கியவர், 1842 முதல் மற்றவர்களுக்காக நீல நிறக் குறியிட்டுப் பாதை அமைத்தார். பொதுமக்களுக்காகக் குறியிட்ட நடைபாதைகளில் உலகிலேயே முந்தியவற்றில் அவை சேரும். அவர் பெயர் தாங்கிய கோபுரம் வரை ஏறிப் பார்க்கலாம். கார் வைத்திருப்போர் த்ருவா பிஞோன் பகுதியில் 'இருபத்தைந்து மேடு' என்னும் சுற்றுக்குப் போகலாம். 16 கிலோமீற்றர் அளவுதான், ஆனால் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கவேண்டும். சிறுபிள்ளைகளுக்கு உகந்ததல்ல.

கவனிக்க வேண்டியவை

- வதிவிட அட்டை அல்லது ரெசெபிசே கையில் இருக்கட்டும். காட்டுக்குள் ஒருவரும் கேட்பதில்லை, நிலையத்தில் கேட்கக்கூடும்.
- சமதரையில் பெரியவர்கள் மணித்தியாலத்துக்கு 4 கிலோமீற்றர் நடப்பர். பிள்ளைகளோடு அதில் பாதி என்று கணக்கிடவும். குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும்.
- சப்பாத்து பிடிப்புள்ளதாக இருக்கட்டும். கலியாணச் சப்பாத்து வேண்டாம்.
- காட்டில் நெருப்பு மூட்டத் தடை. புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு போகவும், குப்பையைத் திருப்பிக் கொண்டுவரவும்.
- புல்லில் உண்ணி உண்டு. வீடு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, கக்கம், தலை பார்க்கவும். கடித்த இடத்தில் சிவப்பு வளையம் படர்ந்தால் தாமதியாமல் வைத்தியரிடம் காட்டவும்.
- காளான் பறிக்க வேண்டாம். ஊர்க் கண்ணுக்கு இங்குள்ள நஞ்சு தெரியாது.
- ஆபத்துக்கு 112 அழைக்கவும்.

இன்னொன்று. செப்டெம்பர் முதல் பெப்ரவரி முடிவுவரை வேட்டைக் காலம். 'ஷாஸ்' என்று எழுதிய பலகை நின்றால் அந்தப் பக்கம் போகவேண்டாம். தூரத்தில் வெடிச்சத்தம் கேட்கவும் கூடும். அந்தச் சத்தம் எங்களில் சிலரை நிலத்தில் விழுத்திப் படுக்க வைக்கும். அது வெட்கப்படும் விஷயமல்ல. அப்படிப்பட்டவர்கள் உடன் வந்தால், முதல் நடையை மே, யூன் மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். எதற்கு என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

இரவில் ஒளித்து நடந்தவர்கள் நாங்கள். எங்கள் பிள்ளைகள் பட்டப்பகலில், சத்தம் போட்டுக் கதைத்துக்கொண்டு காட்டு வழி நடக்கட்டும். முதலில் செவ்ரானுக்குப் போய்ப் பாருங்கள். மூன்றே நிலையம்தான்.