எரர் வந்தால் நல்லது, வராவிட்டால்தான் பார்க்கணும்: டேட்டாபேஸ் கத்துக்கறவங்களுக்கு ஆம்பூர்ப் பக்கத்துக் குறிப்புகள்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ப்ரோக்ராமிங் கத்துக்கற பசங்களுக்கு முதல் ப்ராஜெக்ட் பெரும்பாலும் தோல் தொழிலிலிருந்துதான் வரும். ஏதோ ஒரு டேனரிக்கு ஸ்டாக் கணக்கு, இல்லைன்னா ஏதோ ஒரு ஷூ கம்பெனிக்கு அட்டெண்டன்ஸும் சம்பளமும். பார்க்கச் சின்ன வேலைதான். ஆனால் அந்த டேபிளில் இருக்கும் ஒவ்வொரு வரியும் ஒரு ஆள். காலையில் கம்பெனி பஸ் ஏறி வந்து, நாள் முழுக்க அப்பர் தைக்கிற ஒரு அக்காவின் வரி உங்கள் க்வெரியில் விழுந்துவிட்டால், அந்த மாசம் அவங்க கைக்குச் சம்பளம் வராது.

டேட்டாபேஸ் பிரச்சினைகளை நான் இரண்டாகப் பிரிப்பேன். ஒன்று, சத்தம் போடுவது. கனெக்ஷன் கிடைக்காது, சிவப்பில் எரர் வரும். இன்னொன்று, சத்தமே போடாதது. க்வெரி ஓடும், பதிலும் வரும், அந்தப் பதில் தப்பாக இருக்கும். புதுசா கத்துக்கறவங்க முதல் வகைக்குத்தான் பயப்படுறாங்க. பயப்பட வேண்டியது இரண்டாவதுக்கு. இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம். உதாரணத்துக்கு மை-எஸ்க்யூஎல்லை எடுத்துக்கறேன்.

கனெக்ஷன்: எதுவரை போனோம்?

கனெக்ஷன் எரரைப் பார்த்ததும் பாஸ்வேர்டை மாற்றுவது, ரீஸ்டார்ட் பண்ணுவது, அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணுவது எல்லாம் வேண்டாம். எரர் நம்பரைப் படிங்க. உங்கள் ப்ரோக்ராம் எதுவரை போய்த் திரும்பியது என்று அது சொல்லும்.

2003 வந்தால் சர்வரிடம் போய்ச் சேரவே இல்லை. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இன்னொரு நம்பர் இருக்கும். லினக்ஸில் 111 என்றால் அந்தக் கம்ப்யூட்டர் வரை போயாச்சு, ஆனால் அந்த போர்ட்டில் யாரும் இல்லை: மை-எஸ்க்யூஎல் ஓடவில்லை, அல்லது போர்ட் 3306 இல்லை. 110 என்றால் பதிலே வரவில்லை, காத்திருந்து களைத்தாகிவிட்டது: பெரும்பாலும் ஃபயர்வால், அல்லது ஐபி முகவரி தப்பு. விண்டோஸில் இதே இரண்டும் 10061, 10060 என்று வரும்.

2002 வந்தால் பெரும்பாலும் 'லோக்கல்ஹோஸ்ட்' விவகாரம். லினக்ஸில் அப்படிக் கொடுத்தால் மை-எஸ்க்யூஎல் நெட்வொர்க் வழியாகப் போகாது, சாக்கெட் ஃபைலைத் தேடும். 127.0.0.1 என்று கொடுத்துப் பாருங்கள். அதில் வேலை செய்தால் சாக்கெட் ஃபைலின் பாதைதான் தப்பு.

1045 வந்தால் சந்தோஷப்படுங்க. சர்வர் ஓடுகிறது, போர்ட் சரி, வாட்ச்மேன்தான் நிறுத்தியிருக்கிறார். அந்த மெசேஜின் கடைசியில் பாஸ்வேர்டு பயன்படுத்தினாயா என்பதற்கு 'எஸ்' அல்லது 'நோ' என்று இருக்கும். 'நோ' என்றால் உங்கள் ப்ரோக்ராம் பாஸ்வேர்டை அனுப்பவே இல்லை. கான்ஃபிக் ஃபைல் படிக்கப்படவில்லை என்று அர்த்தம், பாஸ்வேர்டை எத்தனை தடவை மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை. 'எஸ்' என்றால் பாஸ்வேர்டு தப்பு, அல்லது அந்த யூசருக்கு நீங்கள் வருகிற கம்ப்யூட்டரிலிருந்து அனுமதி இல்லை. மை-எஸ்க்யூஎல் யூசர் பெயரோடு எங்கிருந்து வருகிறார் என்பதையும் சேர்த்துத்தான் ஆளை அடையாளம் பார்க்கும்.

1049 என்றால் உள்ளே விட்டாச்சு, நீங்கள் கேட்ட பெயரில் டேட்டாபேஸ் இல்லை. 1146 என்றால் டேபிள் இல்லை. உங்கள் விண்டோஸ் லேப்டாப்பில் ஓடியது லினக்ஸ் சர்வரில் 1146 கொடுத்தால், டேபிள் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பாருங்கள். லினக்ஸில் இரண்டும் வேற வேற டேபிள்.

இரண்டு எரர்கள் காலையில் வராது, அப்புறம்தான் வரும். 1040: கனெக்ஷன் அதிகமாகிவிட்டது. மை-எஸ்க்யூஎல்லின் வழக்கமான வரம்பு 151, போஸ்ட்கிரெஸில் 100. சின்ன கம்பெனியில் 151 பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து டைப் அடிக்கப் போவதில்லை. திறந்த கனெக்ஷனை உங்கள் கோடு மூடவில்லை, அல்லது லூப்புக்குள் ஒவ்வொரு சுற்றிலும் புதுசு திறக்கிறது. வரம்பை ஏற்றுவது வைத்தியம் இல்லை. 2006: சர்வர் போய்விட்டது. சும்மா இருக்கும் கனெக்ஷனை மை-எஸ்க்யூஎல் 28,800 விநாடியில், அதாவது 8 மணி நேரத்தில் வெட்டிவிடும். சாயங்காலம் திறந்துவிட்டுப் போன ப்ரோக்ராம் மறுநாள் காலையில் இதைச் சொல்லலாம். மறுபடி கனெக்ட் பண்ணச் சொல்லி எழுதினால் போதும்.

இதெல்லாம் சத்தம் போடுகிற வகை. நேரம் போகும், யாருக்கும் பணம் போகாது.

ஒரு மாவட்டம் மூன்றானபோது

இப்போது சத்தம் போடாத வகை. இதற்கு நம்ம ஊரே நல்ல உதாரணம்.

2019 ஆகஸ்ட் 15 அன்று வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரிப்பதாக அறிவித்தார்கள். நவம்பர் 28 அன்று ராணிப்பேட்டை, திருப்பத்தூர் இரண்டும் தனி மாவட்டங்களாகச் செயல்பாட்டுக்கு வந்தன. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. வாலாஜா, ஆற்காடு, அரக்கோணம் ராணிப்பேட்டைக்கு. குடியாத்தம், பேரணாம்பட்டு வேலூரிலேயே தங்கின.

ஒரு ஷூ கம்பெனியில் தொழிலாளர் டேபிள் ஒன்று, பயணப்படி டேபிள் ஒன்று இருக்கு என்று வைத்துக்கொள்வோம். பயணப்படி டேபிளில் ஊர், மாவட்டம், தொகை. மாவட்டம் பிரிந்ததும் யாரோ அதைப் புதுப்பித்துவிட்டார்கள். தொழிலாளர் டேபிளை யாரும் தொடவில்லை. 2015-இல் சேர்ந்தவருக்கு 'ஆம்பூர், வேலூர்' என்று இருக்கும். 2021-இல் சேர்ந்தவருக்கு 'ஆம்பூர், திருப்பத்தூர்'. ஊரையும் மாவட்டத்தையும் வைத்து இன்னர் ஜாயின் போட்டால், 2015-இல் சேர்ந்தவருக்கு ஜோடி கிடைக்காது. ஜோடி கிடைக்காத வரியை இன்னர் ஜாயின் சத்தமில்லாமல் கழற்றிவிடும். சர்வீஸ் அதிகம் உள்ளவங்களாகப் பார்த்துக் காணாமல் போவாங்க, எரர் எதுவும் வராது.

சரி, மாவட்டமே வேண்டாம், ஊர்ப் பெயரை மட்டும் வைத்து ஜாயின் போடலாமே? அப்போது வேற வம்பு. சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் இருக்கு. உங்கள் ஊர் டேபிள் தமிழ்நாடு முழுவதற்குமானது என்றால், நம்ம திருப்பத்தூர் ஆள் ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி வரும், பணமும் இரண்டு மடங்கு. பின்கோடு? ஆம்பூர் 635802, பேரணாம்பட்டு 635810. இரண்டும் 635-இல்தான் ஆரம்பிக்கும், மாவட்டம் வேற வேற.

வழி இதுதான்: பெயரை வைத்து ஜாயின் போடாதீங்க, நம்பரை வைத்துப் போடுங்க. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் லோக்கல் கவர்ன்மென்ட் டைரக்டரி மாவட்டம், வட்டம், கிராமம் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்திருக்கு. அதையோ, உங்கள் சொந்த எண்ணையோ வையுங்கள். கூடவே 'எந்தத் தேதியிலிருந்து' என்று ஒரு காலம் வைத்தால், 2018-இல் ஆம்பூர் எந்த மாவட்டம் என்று கேட்டாலும் சரியான பதில் வரும்.

யாருக்குச் சம்பளம் போகவில்லை?

எனக்குத் தெரிந்து ரொம்ப ஆபத்தான க்வெரி இது. பட்டுவாடா டேபிளில் இல்லாத தொழிலாளர்கள் யார் யார்? எல்லாரும் 'நாட் இன்' போட்டு எழுதுவாங்க. படிக்க அழகாக இருக்கும்.

பட்டுவாடா டேபிளில் யாரோ அவசரமாகக் கையில் பணம் கொடுத்துவிட்டு, தொழிலாளர் எண்ணைப் போடாமல் ஒரு என்ட்ரி செய்திருக்கிறார்கள். அந்த இடத்தில் 'நல்'. அந்த ஒரு வரி போதும், க்வெரி முழுக்கக் காலியாகத் திரும்பும். ஏன்னா 'நல்' என்றால் பூஜ்யம் இல்லை, வெற்று எழுத்தும் இல்லை, 'தெரியாது' என்று அர்த்தம். 417-ஆம் எண் ஆள் அந்த லிஸ்டில் இல்லையா என்று கேட்டால், 'தெரியாத அந்த ஒரு எண் 417-ஆகவும் இருக்கலாமே' என்று எஸ்க்யூஎல் யோசிக்கும். உறுதியாக 'இல்லை' என்று சொல்ல முடியாததால் அந்த வரியைக் காட்டாது. ஒவ்வொரு ஆளுக்கும் இதே கதை. முடிவு பூஜ்யம் வரி. பார்க்கிறவர், 'எல்லாருக்கும் கொடுத்தாச்சு' என்று எழுந்து போய்விடுவார்.

'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' போட்டு எழுதினால் இந்தச் சிக்கல் வராது. தொழிலாளர் எண் காலியாக இருக்கவே கூடாது என்று டேபிளிலேயே விதி வைப்பது அதைவிட நல்லது. அதே மாதிரி, ஒரு காலம் 'நல்'லா என்று பார்க்கச் சமக்குறி போடாதீங்க, எப்போதும் எதுவும் வராது. 'இஸ் நல்' என்றுதான் கேட்கணும்.

எண் மாதிரி தெரியும், எண் இல்லை

பேங்க் அக்கவுண்ட் நம்பரை எண் வகைக் காலத்தில் வைத்தால், முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் போய்விடும். கூட்டிக் கழிக்காத எதுவும் எண் இல்லை, எழுத்தாகவே வையுங்கள். ஐஎஃப்எஸ்சி கோடில் 11 இடங்கள், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அங்கே ஆங்கில 'ஓ' அடித்திருக்கா என்று ஒரு செக் போடுங்க.

நேர்மாறாக, ஷூ சைஸை எழுத்தாக வைத்து வரிசைப்படுத்தினால் 10 வந்து 9-க்கு முன்னால் நிற்கும். தோல் விற்பது சதுர அடிக் கணக்கில், அரை கால் என்று தசமம் வரும். அதை ஃப்ளோட்டில் வைத்தால் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டும்போது 0.3-க்குச் சமமாக இருக்காது, கடைசியில் ஒரு துளி ஒட்டிக்கொண்டிருக்கும். அளவுக்கும் பணத்துக்கும் டெசிமல் வகைதான்.

தமிழ்ப் பெயர்களுக்கு இன்னும் ஒரு கவனம் வேண்டும். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். மை-எஸ்க்யூஎல் 8.0-க்கு முந்தைய பதிப்புகளில் வழக்கமான செட்டிங் லத்தீன் எழுத்துக்கானது, அதில் தமிழை ஏற்றினால் கேள்விக்குறியாக விழலாம். அப்படி விழுந்தது திரும்ப வராது. அடுத்து 'சோளிங்கர்'. அதில் இருக்கும் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், 'ே', 'ா' என்று இரண்டாகவும் அடிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. போஸ்ட்கிரெஸின் வழக்கமான செட்டிங்கில் இரண்டும் வேற வேற ஊர். சேமிக்கும்போதே என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

அனுப்புவதற்கு முன் நான்கு கேள்வி

சம்பள லிஸ்டை அக்கவுண்ட்ஸுக்கு அனுப்புவதற்கு முன் நான் பார்ப்பது இவ்வளவுதான்.

1. ஜாயினுக்கு முன் எத்தனை பேர், பின் எத்தனை பேர்? குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு.
2. ஒரே தொழிலாளர் எண் இரண்டு தடவை வருதா? ஒருத்தர் விழுந்து இன்னொருத்தர் இரட்டித்தால் மொத்த எண்ணிக்கை சரியாகவே காட்டும்.
3. லெஃப்ட் ஜாயின் போட்டு, வலது பக்கம் 'நல்' வருகிறவர்கள் யார்? ஜோடி கிடைக்காதவங்க பெயரே அதில் கிடைக்கும்.
4. அப்டேட் செய்யும்போது ட்ரான்ஸாக்‌ஷன் ஆரம்பித்தேனா? மாறிய வரிகளின் எண்ணிக்கை நினைத்ததோடு ஒத்துப்போனால்தான் கமிட், இல்லைன்னா ரோல்பேக்.

செய்து பார்க்க ஒரு பயிற்சி. பத்து ஆளோடு ஒரு தொழிலாளர் டேபிள் போடுங்க. இரண்டு பேருக்குப் பழைய 'வேலூர்', ஒருத்தருக்கு 'திருப்பத்தூர்'. ஊர் டேபிளில் இரண்டு திருப்பத்தூரையும் ஏற்றுங்க. பட்டுவாடா டேபிளில் ஏழு பேருக்கு என்ட்ரி, எட்டாவதாக ஒரு 'நல்'. இப்போது சம்பளம் வராத மூன்று பேரையும் கண்டுபிடிக்க ஒரு க்வெரி எழுதுங்க. முதல் தடவை 'நாட் இன்' போட்டே எழுதிப் பாருங்கள், காலியாக வருவதை ஒரு தடவை கண்ணால் பார்த்தால் மறக்காது.